மருத்துவப் பதிவேடு கல்வியான வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்தபின், எங்கள் தோட்டப் பள்ளியில் முன்னர்ப் படித்த பிள்ளைகள் பெற்றோருடன் என்னைக் காண வருவதுண்டு. மேற்கொண்டு எதைப் படிக்கலாம் என்பதே அவர்கள் கொண்டுவரும் கேள்வி. அண்மையில் வந்த ஒரு மாணவியின் கையில், உயர்கல்விக் கண்காட்சியில் வாங்கிய ஓர் அமெரிக்கக் கல்லூரியின் கையேடு இருந்தது. அதில் “சுகாதாரத் தகவல் மேலாண்மை” என்னும் நான்காண்டுப் பட்டப்படிப்பை அவள் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தாள். மருத்துவமனையில் நோயாளிகளின் ஏடுகளை ஒழுங்குபடுத்தி, வகைப்படுத்தி, காத்து, வேண்டியபோது எடுத்துத் தரும் பணிக்குரிய படிப்பு அது என்று அவள் தந்தையிடம் விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஐயா, கிராணி வேலைக்கு நாலு வருசப் படிப்பா?” என்று கேட்டார்.

அக்கேள்வியில் ஏளனம் இல்லை. பால்மரக் காட்டில் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த ஒரு தகப்பனாரின் நியாயமான கவலையே இருந்தது. அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஏடு எழுதும் வேலை எவ்வாறு கல்லூரியில் கற்கவேண்டிய கல்வியாயிற்று என்பதை அறிந்தாலன்றி அக்கேள்விக்குச் சரியான விடை கூற இயலாது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் கூற முற்படுகிறேன்.

கிள்ளான் காட்டிய கணக்கு

இக்கல்வி பிறந்து வளர்ந்த இடம் அமெரிக்கா. ஆயினும் அங்குச் செல்லுமுன், ஓர் ஏடு என்ன செய்யவல்லது என்பதை நம் மண்ணிலேயே கண்டுகொள்வோம்.

1901-ஆம் ஆண்டு சனவரியில் மால்கம் வாட்சன் என்னும் டாக்டர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். நகரைச் சுற்றிலும் சதுப்பு நிலம். எங்கும் மலேரியாக் காய்ச்சல். அதே ஆண்டில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) காய்ச்சல் கடுமையாகப் பரவியது. சதுப்பு நீரை வடித்து, புதரையும் காட்டையும் அழித்தால் கொசு ஒழியும்; கொசு ஒழிந்தால் காய்ச்சல் தணியும் என்று வாட்சன் எடுத்துரைத்தார். அரசாங்கமும் இசைந்து, வடிகால்கள் வெட்டப்பட்டன.

பலன் என்ன? கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவுடன் மருத்துவமனையிற் சேர்ந்தோர் 1901-இல் 334 பேர்; 1902-இல் 129; 1903-இல் 48; 1904-இல் 28; 1905-இல் 12. துறைமுகத்திலிருந்து வந்து சேர்ந்தோர் 1901-இல் 188 பேராயிருந்து, 1904-இல் 4 பேராகக் குறைந்தனர்.

இவ்வெண்களை மட்டும் பார்க்கும் ஒருவர், “அவ்வாண்டுகளில் காய்ச்சல் தானாகவே தணிந்திருக்கலாமே” என்று ஐயுறக்கூடும். அந்த ஐயத்தை நீக்க வாட்சனின் அட்டவணையில் மூன்றாவது வரி ஒன்று இருந்தது. அது மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்தோரின் கணக்கு. 1901-இல் 197 பேராயிருந்த அவர்கள், 1905-இல் 353 பேராயினர். வடிகால் வெட்டிய இடங்களில் நோய் குறைந்தது. வெட்டாத இடங்களில் கூடியது. இதற்குமேல் சான்று வேண்டுமோ? அப்பிற பகுதிகளிலேதான் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிவந்தன. காய்ச்சலுக்கு இரையான தோட்டத் தொழிலாளர்களில் பலர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். வாட்சன் 1907-இல் அரசாங்கப் பணியை விட்டுத் தோட்டங்களின் மருத்துவராகி, அவ்விடங்களிலும் அதே முறையைக் கையாண்டார்.

இவ்வளவுக்கும் அடிப்படை எது? மருத்துவமனைப் பதிவேட்டில் நோயாளியின் பெயருக்கும் நோய்க்கும் அருகே, அவர் எங்கிருந்து வந்தார் என்பதும் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு நிரல் இல்லாதிருந்தால் மூன்று வரிகளும் ஒன்றாய்க் கலந்து போயிருக்கும். நகரில் நோய் குறைந்ததையும் தோட்டங்களில் கூடியதையும் பிரித்தறிய வழியிருந்திராது. டாக்டரை நாம் இன்றும் போற்றுகிறோம். நாள்தோறும் அந்நிரலைப் பிழையின்றி நிரப்பிய எழுத்தரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவ்வெழுத்தரின் பணி தனிக் கல்வியாக மலர்ந்த கதையே இனி வருவது.

ஏடு இருந்தும் பயனில்லை

அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலுள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை 1821-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே அங்கு நோயாளிகளின் வரலாறு எழுதிவைக்கப்பட்டு, ஏடுகள் ஆண்டுக்காண்டு குவிந்தன. ஆனால், ஏடு இருப்பது வேறு; வேண்டும்போது கிடைப்பது வேறு அல்லவா? 1897-இல் கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் என்னும் அம்மையார் அவ்வேடுகளின் பொறுப்பை ஏற்று, நூலகத்தில் நூல்களை ஒழுங்குபடுத்துவதுபோல் அவற்றை ஒழுங்குபடுத்தலானார். மருத்துவப் பதிவேட்டு நூலகர் என்னும் பணிக்கு முதல்வராக இவரையே வரலாறு குறிப்பிடுகிறது.

ஏட்டை ஒழுங்காக அடுக்கினால் மட்டும் போதுமா? மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் இன்னொரு குறை தென்பட்டது. அங்கு ஒவ்வொரு டாக்டரும் தமக்கெனத் தனிப் பேரேடு வைத்திருந்தார். ஒரே நோயாளியை மூவர் பார்த்தால் அவர் கதை மூன்று பேரேடுகளில் சிதறிக் கிடக்கும். 1907 சூலையில் ஹென்றி பிளம்மர் என்னும் டாக்டர், மேபல் ரூட் என்னும் அம்மையாரின் துணையுடன் புதிய முறையை நடைமுறைப்படுத்தினார். ஒரு நோயாளிக்கு ஓர் எண். அவரைப் பற்றிய யாவும் அந்த எண்ணுள்ள ஒரே உறையில். இன்று நமக்கு இது மிக எளிய செய்தியாகத் தோன்றும். எனினும், ஏடு டாக்டருக்கு உரியதன்று, நோயாளியைச் சார்ந்தது என்னும் பெரிய மாற்றம் இதனுள் அடங்கியிருந்தது.

மூன்றாவது குறை மனிதரின் மனத்தைப் பற்றியது. பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்னும் அறுவை மருத்துவர், சிகிச்சை முடிந்து வீடு சென்ற நோயாளி பின்னர் நலமானாரா என்பதையும் தேடி அறிந்து எழுதவேண்டும் என்றார். குணமாகவில்லையேல் ஏன் என்பதையும் எழுதவேண்டும் என்றார். தம் சொந்த மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரின் ஏடுகளை ஆராய்ந்து, அவற்றிற் கண்ட 123 தவறுகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். உடன் பணியாற்றிய மருத்துவர்களுக்கு இது உவப்பாக இல்லை. 1914-இல் அவர் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பதவியிலிருந்து விலகினார். உண்மையான ஏடு எழுதியவனையே குற்றம் சாட்டவும் கூடும். ஆதலால் ஏட்டைக் காப்பவருக்கு எழுத்தறிவோடு நெஞ்சுரமும் வேண்டியதாயிற்று.

தீக்கிரையான பட்டியல்

1913-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பு தோன்றியது. அதில் உறுப்பினராக விரும்பியோர் தாம் செய்த அறுவைச் சிகிச்சைகளின் விவரங்களை எழுதி அனுப்பவேண்டும். அனுப்ப முயன்றபோதுதான், பல மருத்துவமனைகளில் உருப்படியான ஏடே இல்லையென்பது தெரிந்தது. எனவே அவ்வமைப்பு 1917-இல் மருத்துவமனைகளுக்குரிய குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் சரியான, முழுமையான ஏடு இருக்கவேண்டும். அது எளிதில் எடுக்கும்படி வைக்கப்படவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நோயாளியின் அடையாளம், அவர் கூறும் தொல்லை, குடும்ப வரலாறு, உடற்சோதனை, ஆய்வுக்கூட முடிவு, சிகிச்சை, வீடு செல்லும்போது இருந்த நிலை என ஏட்டில் இருக்கவேண்டியவை எல்லாம் வரிசையாகக் கூறப்பட்டன.

1918-இல் தொடங்கிய ஆய்வில் 100-க்கு மேற்பட்ட படுக்கைகளையுடைய 692 மருத்துவமனைகள் சோதிக்கப்பட்டன. தேறியவை 89. புகழ்பெற்ற மருத்துவமனைகள் சிலவும் தேறவில்லை. 1919 அக்டோபரில் நியூயார்க்கின் வால்டார்ப் அஸ்டோரியா ஓட்டலில் கூட்டம் கூடியபோது, பட்டியல் செய்தித்தாள்களின் கையிற் சிக்கிவிடுமென அஞ்சி, அதை நள்ளிரவில் ஓட்டலின் உலையிலிட்டு எரித்துவிட்டார்கள்.

பட்டியல் எரிந்தது, விதி நின்றது. விதியை நிறைவேற்ற ஆட்கள் தேவைப்பட்டனர். நாடெங்கும் மருத்துவமனைகள் பதிவேட்டுப் பணியாளர்களை அமர்த்தின. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தட்டச்சு தெரிந்த சிலர், செவிலியராயிருந்த சிலர், நூலக அனுபவமுள்ள சிலர் என்று பலதிறத்தார் இருந்தனர். பொதுவான பயிற்சி எவருக்கும் இல்லை. 1928 அக்டோபரில் இவர்கள் பாஸ்டனில் கூடி, வட அமெரிக்கப் பதிவேட்டு நூலகர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். முதல் தலைவர் முன்னர்க் கூறிய மையர்ஸ் அம்மையாரே. அறுவை மருத்துவர் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மால்கம் மக்கேச்சன் அவர்களுக்கு உறுதுணையாக நின்றார்.

கிராணியும் வாத்தியாரும்

சங்கம் அமைத்த சில ஆண்டுகளிலேயே அவர்கள் பாடத்திட்டம் ஒன்றை வகுக்கத் தொடங்கினர். 1935-இல் மினசோட்டாவின் டுலூத் நகரில், பெனடிக்ட் சபைக் கன்னியர் நடத்திய செயின்ட் ஸ்கொலாஸ்டிகா கல்லூரி இத்துறையைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கலாயிற்று. அக்கன்னியரின் செயின்ட் மேரி மருத்துவமனை மாணவியரின் பயிற்சிக்களமாயிற்று. 1941-இல் எட்னா ஹஃப்மன் அம்மையார் எழுதிய கைந்நூல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டு, நீண்டகாலம் பாடநூலாக விளங்கியது. 1940-களில் அமெரிக்க மருத்துவச் சங்கம் இப்பள்ளிகளின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பை ஏற்றது.

இவ்விடத்தில் வாசகர்கள் நம் பள்ளிகளின் வரலாற்றை நினைத்துப் பார்க்கலாம். ஒரு காலத்தில் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தியவர் யார்? பல இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோதான். “அகர வரிசை சொல்லித் தர அதுவே போதும்” என்று அன்று எண்ணினர். இன்று, பயிற்சி பெறாத ஒருவரிடம் எந்தப் பெற்றோராவது பிள்ளையை ஒப்படைப்பார்களா? எழுத்துத் தெரிவது வேறு, எழுத்தைக் கற்பிக்கத் தெரிவது வேறு என்பதை நாம் உணர்ந்துவிட்டோம். மருத்துவ ஏட்டிலும் அவ்வாறே. எழுதத் தெரிவது வேறு. எழுதியது சரியா, முழுமையா, எங்கே சேரவேண்டும், யாருக்குக் காட்டலாம் என்று தெரிவது வேறு.

அப்பாடத்திட்டத்தின் பகுதிகளை ஒவ்வொன்றாக நோக்கினால் இது விளங்கும். உடற்கூறும் மருத்துவச் சொற்களும் ஏன்? “ஹைப்போகிளைசீமியா” என்றால் இரத்தத்தில் சர்க்கரை குறைவு. “ஹைப்பர்கிளைசீமியா” என்றால் சர்க்கரை மிகுதி. ஓரசை மாறினால் பொருள் நேர்மாறாகும். ஏட்டில் பிழை நேர்ந்திருப்பதை, பொருள் அறியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

புள்ளியியல் ஏன்? ஒரு மருத்துவமனையில் 100-க்கு 3 பேர் இறக்கின்றனர். மற்றொன்றில் 100-க்கு 2 பேர். இரண்டாவதே சிறந்தது என்று சொல்லிவிடலாமா? அது எளிய நோயாளிகளை மட்டும் சேர்த்துக்கொள்வதாயிருக்கலாம். சாகும் நிலையிலுள்ளோரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாயுமிருக்கலாம். மருத்துவமனைகளை ஒப்பிடத்தக்க கணக்குகள் கிடைப்பதே அரிதாயிருக்கிறதென 1860-களிலேயே புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் முறையிட்டார். எல்லா மருத்துவமனைகளும் ஒரே வகைப் படிவத்தில் கணக்கெழுதவேண்டும் என்னும் அவர் திட்டம் 1860-இல் இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின்முன் வைக்கப்பட்டது.

பெயர் என்னும் சிக்கல்

ஏடுகளை அடுக்கும் கலையில் முதற்சிக்கல் பெயர். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது நானும் உடனிருந்தேன். அவருக்குத் திருமகளின் பெயர். அங்கே அவருக்கு இரண்டு ஏடுகள் இருந்தன. ஒன்றில் “லட்சுமி” என்றும், மற்றொன்றில் “லெட்சுமி” என்றும் ஆங்கில எழுத்தில் வெவ்வேறாகப் பதிந்திருந்தனர். பெனிசிலின் அவருக்கு ஒவ்வாது என்னும் குறிப்பு பழைய ஏட்டில் இருந்தது. அன்று தாதியின் கையில் இருந்ததோ புதிய ஏடு. ஊசி போடுமுன் தாதி வழக்கம்போல் கேட்டார். உடன் வந்த பேத்தி நினைவு வைத்திருந்து சொன்னாள். அன்று அம்மூதாட்டியைக் காத்தது ஏடு அன்று, பேத்தியின் நினைவே.

பெயரெழுத்து மாறுவதால் வரும் இத்தொல்லை அமெரிக்காவிலும் இருந்தது. பல நாடுகளிலிருந்தும் குடியேறியோரின் பெயர்கள் பலவாறு எழுதப்பட்டன. இதற்கு மாற்றாக ராபர்ட் ரசல் என்பவர் 1918-இல் காப்புரிமை பெற்ற “சவுண்டெக்ஸ்” என்னும் முறை பயன்பட்டது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒலி ஒத்த மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணைத் தருவது இம்முறை. சி, கே, எஸ் முதலியவற்றுக்கு 2. டீ எழுத்துக்கு 3. எம், என் ஆகியவற்றுக்கு 5. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒருமுறையே எழுதப்படும். எண்கள் மூன்றுக்குக் குறைந்தால் பூச்சியத்தால் நிரப்பப்படும். இதன்படி “ஸ்மித்” என்று எழுதினாலும் “ஸ்மைத்” என்று எழுதினாலும் எஸ்-530 என்ற ஒரே இடத்திற் போய்ச் சேரும். பதிவேட்டு நூலகர்கள் கற்ற ஒலிவழி அடுக்குமுறை இதுவே.

நம் பெயரை இம்முறையில் இட்டுப் பார்த்தேன். “லட்சுமி” என்பதை ஆங்கிலத்தில் வடமொழி ஒலிப்படி, கே, எஸ், ஹெச் எழுத்துகள் வர எழுதினால் எல்-250. அதையே நம் நாட்டு வழக்கப்படி, டீ, சி, ஹெச் எழுத்துகள் வர எழுதினால் எல்-325. இரண்டும் வெவ்வேறு பெட்டிகள்! அமெரிக்கப் பெயர்களை இணைக்கும் முறை நம் பெயர்களைப் பிரித்துவிடுகிறது. குடும்பப் பெயரை முன்வைத்து அடுக்கும் முறையும் அத்தகையதே. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரே உண்டு. இன்று அடையாள அட்டை எண் இருப்பதால் தொல்லை பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் அட்டையின்றி நினைவிழந்து கொண்டுவரப்படுவோருக்கும், அன்று பிறந்த குழந்தைக்கும், பழைய ஏடுகளைத் தேடுவோருக்கும் அச்சிக்கல் உண்டு. நம் பெயர்களின் இயல்பை அறிந்த ஒருவர் இக்கல்வியைக் கற்றிருந்தாலன்றி இக்குறை எவர் கண்ணிற்படும்?

நோய்க்கு ஓர் எண்

பெயருக்கு அடுத்தது நோய். ஒரே நோயைப் பத்து டாக்டர்கள் பத்து வகையாக எழுதினால் கணக்கெடுப்பது எங்ஙனம்? 1893-இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் கழகத்தின்முன், பாரிஸ் நகரின் புள்ளிவிவரத் தலைவர் ழாக் பெர்த்தியோன் இறப்புக் காரணங்களின் பட்டியலொன்றை வைத்தார். பல நாடுகள் அதனை ஏற்றன. 1948-இல் உலக சுகாதார நிறுவனம் ஆறாம் திருத்தத்தை வெளியிட்டபோது, சாவுக்குரிய காரணங்களோடு உயிருள்ளோரின் நோய்களும் அதில் முறையாக இடம்பெற்றன. அதன் பின்னரே அப்பட்டியல் மருத்துவமனை ஏடுகளுக்கும் பொருந்துவதாயிற்று.

1990-இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில் மலேரியாவைப் பாருங்கள். கொடிய பால்சிபாரம் வகைக்கு பி50. வைவாக்ஸ் வகைக்கு பி51. எவ்வகையெனக் குறிக்காமல் வெறுமனே “மலேரியா” என்றால் பி54. ஏட்டில் பி54 மிகுதியாக இருந்தால் அதன் பொருள் என்ன? இரத்தச் சோதனை முடிவு எழுதப்படவில்லை, அல்லது எழுதியதைப் பார்க்கவில்லை என்பதே. கற்றறிந்த பதிவாளர் அங்கே நின்று டாக்டரைக் கேட்பார். கல்லாதவர் எண்ணை இட்டுவிட்டு அடுத்த ஏட்டுக்குப் போவார். அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 முதல், விரிவாக்கப்பட்ட பத்தாம் திருத்தத்திற்கு மாறின. அதில் நோய்களுக்குரிய குறியெண்கள் மட்டும் ஏறத்தாழ 70,000. பதினோராம் திருத்தம் 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

பணமும் மறைபொருளும்

1983-இல் இப்பணியின் தன்மையை மாற்றிய நிகழ்ச்சியொன்று நடந்தது. முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு, மருத்துவமனை செய்த செலவைத் தருவதை விட்டு, நோயின் வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வகுத்த தொகையைத் தரலாயிற்று. அந்நாள் முதல் ஏட்டிலிடும் குறியெண்ணே பணமாயிற்று. நோயைச் சற்றுக் கடுமையாகக் காட்டினால் கூடுதல் வருமானம்! எனவே கணக்கியலும், காப்பீட்டு விதிகளும், அவற்றோடு தொழில் ஒழுக்கமும் பாடத்திட்டத்தில் முன்னிலும் பேரிடம் பெற்றன. மருத்துவமனைக்குச் சாதகமாக எண்ணை மாற்றச் சொல்லும் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லவும் ஒருவர் பயிற்சி பெறவேண்டியிருக்கிறது.

1996-இல் அமெரிக்கா இயற்றிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் நோயாளியின் மறைபொருள் காக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, 2003 முதல் பின்பற்றப்படுகின்றன. எந்த விவரத்தை யாருக்கு, எந்த அளவுக்குக் காட்டலாம் என்பது தனிப்பாடமாயிற்று. தோட்டத்தில் வாழ்ந்தோர் இதன் அருமையை அறிவர். ஒருவருக்குக் காச நோய் என்னும் செய்தி காலைப் பெரட்டில் கசிந்தால், மாலைக்குள் லயம் முழுதும் பரவிவிடும். பிறகு அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கவும் தயங்குவார்கள்.

2009-இல் மின்னணு ஏடுகளுக்கு அமெரிக்க அரசு பெரும் ஊக்கத்தொகை அளித்தது. காகித உறைகள் மறைந்து கணினிகள் வந்தன. கணினி வந்தபின் பதிவாளர் எதற்கு என்று கேட்போர் உண்டு. கணினி ஏட்டை விரைவில் எடுத்துத் தரும். அதே விரைவில் பிழையையும் பரப்பும். நேற்று எழுதியதை அப்படியே இன்றைக்கும் நகலெடுத்து ஒட்டும் பழக்கத்தால், குணமான நோய் ஏட்டில் குணமாகாமலே நீடிப்பதுண்டு. 1968-இல் லாரன்ஸ் வீட் என்னும் டாக்டர், ஏடு நோயாளியின் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் டாக்டர் எவ்வாறு சிந்தித்தார் என்பதைக் காட்டவேண்டும் என்று வற்புறுத்தினார். அத்தகைய சிந்தனையை நகலெடுத்து ஒட்ட இயலாது.

பணி மாறியதற்கேற்ப சங்கத்தின் பெயரும் மாறியது. நூலகர் சங்கமாகத் தொடங்கியது, 1970-இல் அமெரிக்க மருத்துவப் பதிவேட்டுச் சங்கமாயிற்று. 1991-இல் அமெரிக்கச் சுகாதாரத் தகவல் மேலாண்மைச் சங்கமாயிற்று. அம்மாணவியின் கையேட்டில் இருந்த பெயர் இவ்வாறு வந்ததே.

இன்றைய பாடத்திட்டம்

இன்று அந்நாட்டில் இக்கல்வி இரு நிலைகளில் அமைந்துள்ளது. ஈராண்டுப் படிப்பை முடித்தோர் பதிவு பெற்ற நுட்பவியலாளர் தேர்வையும், நான்காண்டுப் பட்டம் பெற்றோர் பதிவு பெற்ற நிருவாகி தேர்வையும் எழுதலாம். உடற்கூறு, நோயியல், மருந்தியல், மருத்துவச் சொற்கள் ஆகியவை அடிப்படை. அவற்றின்மேல் ஏட்டின் அமைப்பும் தரமும், மறைபொருள் காப்பு, குறியெண்ணிடல், புள்ளியியல், கணினித் தரவு, சட்டம், வரவு செலவு, பணியாளர் நிருவாகம் ஆகியன வருகின்றன. மருத்துவமனையில் நேரடிப் பயிற்சியும் உண்டு. 1930-களில் தொடங்கிய திட்டத்தின் எலும்புக்கூடு இன்றும் மாறாதிருப்பதைக் காணலாம்.

இத்துறையை நாடும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், ஓர் ஆசிரியன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். உடற்கூறும் நோய் வகைப்பாடும் இல்லாமல் கணினி மட்டும் இருந்தால் அது வேறு படிப்பு. மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம் என்று கேளுங்கள். தரமதிப்பீட்டு ஆணையத்தின் ஏற்பு உண்டா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை பார்க்க எண்ணும் நாட்டில் அத்தகுதியை ஏற்பார்களா என்பதைச் சேருமுன் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தியபின் கேட்பதில் பயனில்லை. வசதி போதாதவர்கள் ஈராண்டுப் படிப்பில் தொடங்குவது இழிவன்று.

நிற்க. அத்தந்தையாரின் கேள்விக்கு இப்பொழுது விடை கூறுகிறேன். ஐயா, கிராணி வேலையை நாம் சிறிதாக எண்ணவேண்டியதில்லை. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நாள் பேர் விடுபட்டால் ஒரு நாட்கூலி போயிற்று; அந்த வலியை நீங்கள் அறிவீர்கள். மருத்துவமனை ஏட்டில் ஒரு வரி விடுபட்டால் போவது கூலியன்று. அங்கே உட்கார்ந்திருப்பவர், தாம் எழுதுவதன் பொருள் தெரிந்தவராய், தவறு கண்டால் கேட்கத் துணிந்தவராய், நம் பெயரை நாம் சொல்வதுபோல் காதில் வாங்கத் தெரிந்தவராய் இருக்கவேண்டாமா? அதற்கு நான்கு ஆண்டு மிகையன்று.

கட்டணத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு என் கட்டுரை விடையாகாது என்பதை அறிவேன். அதற்குப் பேச நாளை மாலை பள்ளிக்கு வாருங்கள். மகளையும் அந்தக் கையேட்டையும் உடன் அழைத்து வாருங்கள்.